பிஸ்டனைக் கழுவும் முன் பாருங்கள்: புகை, தட்டல், சூடு எனக் கோளாறு வாரியாக ஒரு வழிமுறை

என்ஜினைப் பிரித்ததும் புதிதாக வேலைக்கு வந்த பையன் முதலில் செய்வது, கரி பிடித்த பிஸ்டனைத் தூக்கி டீசல் தட்டில் போடுவதுதான். எங்கள் திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பட்டறையில் அதற்கு அனுமதி இல்லை. பிஸ்டன் தலையில் படிந்த கரியின் நிறம், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் ஒட்டிக்கிடக்கும் இடம், ஸ்கேர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ப்பகுதி) விழுந்த கோடு எல்லாமே வண்டி எதனால் கெட்டது என்பதற்குச் சாட்சி. டீசலில் முக்கி பிரஷ் போட்டால் பாதிச் சாட்சி கரைந்துவிடும். காரணம் தெரியாமல் புது செட் (பிஸ்டனும் ரிங்கும்) போட்டால், பழையதைத் தின்ற அதே காரணம் புதியதையும் தின்னும்.

லோடு வண்டி, டிராக்டர், வேன் என இந்தப் பக்கம் அதிகம் ஓடும் டீசல் என்ஜின்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பெட்ரோலுக்கு மாறும் இடத்தைத் தனியாகச் சொல்கிறேன். நான் தரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் என்ஜினின் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீலப் புகை தள்ளுகிறது, ஆயில் குறைந்துகொண்டே போகிறது

அதிகம் வருவது இந்தப் புகார்தான். பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வண்டியைச் சூடாக்கி ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அதே வாயில் சும்மா வைத்துப் பாருங்கள். மூடி துள்ளினாலோ, உள்ளேயிருந்து புகை குபுகுபுவென்று வந்தாலோ, எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். மூடி அமைதியாக இருக்க, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிடுகிறதா? அப்படியானால் வால்வ் சீலையும் வால்வ் ஓடும் கைடையும் முதலில் பாருங்கள். டர்போ உள்ள வண்டியென்றால் டர்போவின் ஷாஃப்ட் ஆட்டத்தையும் பார்த்துவிடுங்கள். இவற்றைப் பார்க்காமல் பிஸ்டன் செட்டுக்குப் பணம் வாங்குவது நியாயமில்லை.

பெட்ரோல் வண்டியில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பார்த்துவிட்டு, பிளக் ஓட்டை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். டீசலில் இந்தச் சோதனையை நான் நம்புவதில்லை. பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் மிகக் குறைவு. அதில் கொஞ்சம் ஆயில் நின்றாலே அளவு பொய்யாக ஏறும், கூடிப்போனால் பிஸ்டனைத் தாங்கும் ராடே வளையும். டீசலில் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். 10 சதவீதத்துக்கு மேல் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் விஷயம் இருக்கிறது.

சரி, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை இறக்கிவிட்டீர்கள். போரின் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) உச்சியில் விரல் நகத்தை வைத்து மேலே இழுங்கள். நகம் ஒரு வரம்பில் தட்டும். மேல் ரிங் போய்த் திரும்பும் இடம் தேய்ந்து, அதற்கு மேலே தேயாத பகுதி வளையமாக நிற்கிறது. அந்த வரம்பை எடுக்காமல் பிஸ்டனை மேலே தட்டி வெளியே தள்ளினால் ரிங் உட்காரும் காடிகளுக்கு இடையிலுள்ள சுவர் உடையும். உடைந்தது முன்பே உடைந்ததா, தட்டியதில் உடைந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இப்போது பழைய பிஸ்டனைப் படிப்போம். போன ஆடி மாதம் திசையன்விளையிலிருந்து ஒரு லோடு வண்டி வந்தது. "அண்ணாச்சி, எட்டு மாசத்துல ரெண்டாவது செட்டு. இன்னும் ஆயில் குடிக்கு" என்றார் ஓட்டுநர். முன்பு வேலை பார்த்த இடத்தில் போட்ட பிஸ்டன் நல்ல கம்பெனிப் பொருள்தான். மேல் ரிங்கைக் கழற்றி விரலில் தடவினால் விளிம்பு பிளேடு மாதிரி கூர்ந்து கிடந்தது. பளபளப்பாக இருக்க வேண்டிய முகம் சுற்றிலும் மங்கிய சாம்பல் நிறம். ஸ்கேர்ட்டில் லேத்தில் விழுந்த நுண்ணிய வரிகள் காணாமல் போய், மேலிருந்து கீழாக மயிரிழைக் கோடுகள். கீழே இருந்த ஆயில் ரிங் மட்டும் ஓரளவு பிழைத்திருந்தது.

இந்த வரிசைதான் முக்கியம். மேல் ரிங் அதிகமும் கீழ் ரிங் குறைவாகவும் தேய்ந்திருந்தால் தூசி காற்றோடு வந்திருக்கிறது. கீழே ஆயில் ரிங்கும் பேரிங்கும் அதிகம் தேய்ந்து மேல் ரிங் பரவாயில்லை என்றால் தூசி ஆயிலோடு வந்திருக்கிறது. போன தடவை கட்டும்போது சரியாகக் கழுவாமல் விட்ட ஹோனிங் (போரின் சுவரைக் கல்லால் தேய்ப்பது) பொடியாகக்கூட இருக்கலாம்.

அந்த வண்டியின் ஏர் கிளீனர் புதிது. அதற்கும் என்ஜினுக்குள் காற்று நுழையும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, வெள்ளைப் பனியன் துணியை உள்ளே விட்டுத் துடைத்தோம். துணி செம்மண் நிறத்தில் வந்தது. ஹோஸின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கிளாம்ப் போய் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். ஃபில்டரைத் தாண்டிய பிறகு அந்த இடுக்கு வழியே, அந்தப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரியின் மணல் நேராக உள்ளே போயிருக்கிறது. தேரியின் மணலில் இருக்கும் குவார்ட்ஸ், போரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. ஆனி, ஆடிக் காற்றில் குட்டம், உவரி, ராதாபுரம் பக்கம் ஓடும் வண்டிக்கு ஏர் கிளீனரைவிட அந்த ஹோஸ்தான் முக்கியம் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

போர் எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்க போர் கேஜ் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. ஒரு ரிங்கைத் தனியாகப் போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளி மட்டமாக உட்கார வையுங்கள். முதலில் போரின் அடியில், ரிங் ஓடாத இடத்தில், ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) அளங்கள். பிறகு மேலே, வரம்புக்குச் சற்றுக் கீழே அளங்கள். திசையன்விளை வண்டியில் கீழே 0.40 மி.மீ., மேலே 1.03 மி.மீ. வித்தியாசம் 0.63. அதை 3.14-ஆல் வகுத்தால் 0.20 மி.மீ. போர் அவ்வளவு விரிந்திருக்கிறது. ஹோனிங் மட்டும் போட்டுப் புது ரிங் மாட்டி அனுப்பும் நிலையில்லை. ரீபோர் (போரைப் பெரிதாகக் கடைவது) அல்லது லைனர் (உள்ளே புதுக் குழாய் இறக்குவது) தான்.

ரிங்கை அளப்பதோடு காடியையும் அளந்துவிடுங்கள். கரியைச் சுரண்டிய பிறகு புது ரிங்கைக் காடியில் வைத்து, பக்கத்தில் ஃபீலர் விட்டுப் பாருங்கள். புதிதில் பல என்ஜின்களில் 0.03 முதல் 0.08 மி.மீ.க்குள் இருக்கும். 0.15-ஐத் தாண்டினால் அந்தப் பிஸ்டனுக்குப் புது ரிங் போடுவது வீண். மேலும் கீழும் ஆடும் ரிங் தானும் உடையும், பம்பு மாதிரி ஆயிலையும் மேலே ஏற்றும்.

காலையில் கிளம்பத் திணறல், கண் எரியும் வெள்ளைப் புகை

எரியாத டீசலின் வாடை இருந்தால் கம்ப்ரஷன் போதவில்லை அல்லது டைமிங் (டீசல் பாயும் நேரம்) பின்தங்கியிருக்கிறது. ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் முதலில் அதைப் பாருங்கள்; செலவு குறைந்த சோதனை. அப்புறம்தான் ரிங். வாடை இல்லாமல் வெறும் ஆவியாக வந்து, ரேடியேட்டரில் குமிழியும் வந்தால் அது ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட் விஷயம். பிஸ்டனைத் தொட வேண்டாம்.

குளிரில் தட்டுகிறது, சூடானதும் மறைகிறது

அலுமினியப் பிஸ்டன் சூட்டில் விரியும் அளவு வார்ப்பிரும்புப் போரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. குளிரில் பிஸ்டனுக்கும் போருக்கும் இடைவெளி அதிகம், பிஸ்டன் பக்கத்துச் சுவரில் போய் இடிக்கும். சூடானதும் இடம் நிறைந்துவிடும், சத்தம் அடங்கும். லேசாக இருந்து ஐந்து நிமிடத்தில் மறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நாளுக்கு நாள் மறையும் நேரம் நீண்டால் அளந்துவிட வேண்டும்.

பிஸ்டன் உருண்டையானது அல்ல. பிஸ்டனை ராடோடு கோக்கும் பின் (pin) போகும் திசையில் விட்டம் குறைவாகவும் அதற்குக் குறுக்கே அதிகமாகவும், தலையில் ஒடுங்கி அடியில் அகன்றும் இருக்கும். ஆகவே பின்னுக்குக் குறுக்குத் திசையில், ஸ்கேர்ட்டின் அடிப்பக்கம், மேனுவல் சொல்லும் உயரத்தில் மைக்ரோமீட்டரை வையுங்கள். போரை மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையிலும் பாருங்கள். மொத்தம் ஆறு அளவு. பெரிய போர் அளவிலிருந்து பிஸ்டன் அளவைக் கழித்தால் வருவதே இடைவெளி.

சூடானதும் மறையாமல், முடுக்கினால் கூர்மையான இரட்டைத் தட்டாகக் கேட்டால் பிஸ்டன் பின். அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பிலிருந்து ஆழமான தட்டு, ஆயில் பிரஷரும் குறைவு என்றால் ராடின் கீழ்முனையிலுள்ள பிக் எண்ட் பேரிங். அதைப் பிஸ்டன் தலையில் கட்டாதீர்கள். புதிதாகக் கட்டிய என்ஜினில் முதல் நாளே தட்டினால், பிஸ்டன் திரும்பி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பல பிஸ்டன்களில் பின் ஓட்டை சரிநடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளி இருக்கும். தலையிலுள்ள அம்புக்குறி என்ஜினின் முன்பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுதான் காரணம்.

வழியில் சூடேறிப் பிடித்துக்கொண்டது

முதலில் ஓட்டுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ஏற்றத்திலோ, களக்காட்டு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழிப் பக்கமோ வண்டி கொதித்து நின்றால், கொதிக்கும் ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட் வெடிக்கும். செல்ஃப் போட்டு முரண்டு பிடிக்கவும் வேண்டாம். நன்றாக ஆறட்டும்.

பிரித்த பிறகு, பிடித்த தடம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. நான்கு விதமாக வரும்.

ஸ்கேர்ட்டின் இரண்டு பக்கமும் சுற்றிலும் இழுபட்டு, ரிங் பகுதியிலும் அலுமினியம் மெழுகு மாதிரி தேய்த்திருந்தால் குளிர்விப்பு போதவில்லை. பின் ஓட்டையின் இரு பக்கமும் நான்கு மூலையில் மட்டும் தடம் இருந்தால், ஆறிய என்ஜினை உடனே பாரத்தில் இழுத்து, போர் விரியும் முன் பிஸ்டன் விரிந்திருக்கிறது. அல்லது பின் இறுக்கமாக இருந்திருக்கிறது. ஒரே பக்கத்தில், அதுவும் எரியும்போது பிஸ்டன் சுவரில் அழுந்தும், விசை விழும் பக்கத்தில் மட்டும் என்றால் ஆயில் போய்ச் சேரவில்லை, இல்லையென்றால் டீசலைத் தெளிக்கும் நாசில் ஒழுகி ஆயில் படலத்தைக் கழுவிவிட்டது. நான்காவது வகையைப் பலரும் தவறவிடுகிறார்கள். ஒரு பக்கம் மேலே ரிங்குக்கு மேல் கரி தேய்ந்து பளபளக்கும், எதிர்ப்பக்கம் கீழே ஸ்கேர்ட்டின் அடி தேய்ந்திருக்கும். அந்த மூலைக்கு மூலைத் தடம் வளைந்த ராடின் அடையாளம். லேத்தில் கொடுத்து ராடு நேராக இருக்கிறதா என்று பார்க்காமல் புதுப் பிஸ்டன் போட்டால் சில மாதத்தில் அதே தடத்தோடு திரும்பி வரும்.

முதல் வகை வந்தால் பிஸ்டனை ஓரமாக வைத்துவிட்டுத் நீரோட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் கூட்டைத் திறங்கள். கடலோரம் உப்புக் கிணற்று நீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளில் உள்சுவரில் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளைப் படிவு இருக்கும். ரேடியேட்டரின் குழாய்களில் பாதி அடைத்திருக்கும். ஒரு டிராக்டரில் லைனரின் வெளிப்பக்கத்திலேயே அந்தப் படிவு ஓடு மாதிரி உரிந்து வந்தது. தண்ணீர் ஓடினாலும் சூட்டை வாங்க முடியாமல் அது தடுத்திருக்கிறது. கூலண்ட் கலந்த, உப்பில்லாத நீர் மட்டும் ஊற்றுங்கள். "சூடேறாமல் இருக்க" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். சில என்ஜின்களில் அது இல்லாவிட்டால் சுடுநீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றுவழியில் திரும்பிவிடும். மற்றவற்றில் என்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடி ரிங் தேயும்.

ஒரு சிலிண்டர் மட்டும் செத்துவிட்டது

பிஸ்டன் தலையில் ஓட்டை, அல்லது விளிம்பு உருகி வழிந்திருக்கும். டீசலில் நாசில் தெளிக்கும் கோட்டிலேயே அரிப்பு இருந்தால் பிஸ்டன் செட் வாங்கும் முன் நாசில்களைப் பம்பு கடையில் கொடுத்து டெஸ்ட் செய்யுங்கள். பனி மாதிரி தெளிக்க வேண்டும்; துளி தொங்கினால் அதுதான் குற்றவாளி. டைமிங் முந்தியிருந்தாலும் இதே கதி. பிஸ்டன் அடியில் ஆயில் பீச்சும் ஜெட் உள்ள என்ஜின்களில் அந்த ஜெட் அடைத்திருக்கிறதா என்று காற்றடித்துப் பாருங்கள். பெட்ரோலில் கலவை மெலிந்துபோவதும், தவறான பிளக்கும் தலையை உருக்கும். நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) அடித்துக்கொண்டே ஓட்டினால் ரிங் காடிச் சுவர்கள் உடையும்.

தலையில் பிறை வடிவில் வெட்டு இருந்தால் வால்வ் இடித்திருக்கிறது. போரில் பின்னுக்கு நேரே ஆழமான பள்ளம் இருந்தால் பின் நழுவாமல் பிடிக்கும் லாக் வெளியே வந்திருக்கிறது.

மாற்றும்போது

முதலில் பிஸ்டனை வாங்குங்கள், பிறகு போர் அடியுங்கள். பிஸ்டன் எவ்வளவு பெரிது என்பதை லேத்காரர்கள் இன்னும் தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) கணக்கில் பேசுவார்கள்: 10 தௌ என்றால் சுமார் 0.25 மி.மீ., 20 தௌ என்றால் சுமார் 0.50. பெட்டியில் 0.50 என்று போட்டிருப்பதை வைத்துப் போரை அடிக்கச் சொல்லாதீர்கள். பிஸ்டன்களை லேத்துக்கே எடுத்துப் போய், ஒவ்வொன்றையும் அளந்து, அந்தந்தப் பிஸ்டனுக்கு அந்தந்தப் போர் என்று எண் போட்டு வாங்குங்கள்.

அளக்கும் நேரத்திலும் கவனம் வேண்டும். 75 மி.மீ. அலுமினியப் பிஸ்டன் ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 0.0015 மி.மீ. விரியும். கத்திரி வெயிலில் வண்டியின் டேஷ்போர்டில் கிடந்த பிஸ்டனுக்கும் பட்டறைக்குள் நிழலில் இருக்கும் பிளாக்குக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் 0.03 மி.மீ. தவறு வந்துவிடும். நாம் தேடும் இடைவெளியே அந்த அளவுதான். இரவு முழுக்க இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக் காலையில் அளக்கச் சொல்லுங்கள்.

நான்கு பிஸ்டன்களையும் நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசில் எடை போடுங்கள். நான் 5 கிராம் வித்தியாசத்தைத் தாண்ட விடுவதில்லை.

ரிங் வாய் இடைவெளிக்கு மேனுவல் இல்லாவிட்டால், போரின் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் 0.10 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 75 மி.மீ. போருக்கு 0.30. அதிகமாகிவிட்டால் கொஞ்சம் வாயு கசியும், அவ்வளவுதான். குறைந்துவிட்டால் சூட்டில் இரு முனைகளும் முட்டி ரிங் போரைக் கீறும், உடையும். எனவே இறுக்கமாக இருந்தால் மெல்லிய அரத்தால் ஒரே திசையில் தேய்த்து அளவுக்குக் கொண்டு வாருங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே. இரண்டாவது ரிங்கைக் கவிழ்த்துப் போட்டால் ஆயிலைக் கீழே வழிப்பதற்குப் பதில் மேலே ஏற்றும். வாய்களை 120 டிகிரி இடைவெளியில் பிரித்து வையுங்கள். எந்த வாயும் பின்னுக்கு நேராகவோ விசை விழும் பக்கமோ வரக் கூடாது.

பின்னைச் சுத்தியால் அடித்து ஏற்றாதீர்கள். பிஸ்டனைச் சுடு ஆயிலில் 80 டிகிரிக்குச் சூடாக்கினால் மிதக்கும் வகைப் பின் கையால் தள்ளவே போய்விடும். கழற்றிய லாக்கை மறுபடி போடக் கூடாது. புது லாக்கின் வாய் மேலேயோ கீழேயோ பார்க்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம்.

ஹோனிங் போட்ட போரை டீசலில் துடைத்தால் பொடி போகாது. வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷால் தேய்த்து, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை துடைத்து, உடனே ஆயில் தடவுங்கள். ராடை இறக்கும்போது அடியிலுள்ள ஆயில் ஜெட்டில் இடிக்காமல் ஒருவர் கீழேயிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். டீசலில், பிஸ்டன் உச்சியில் வரும்போது பிளாக்கைவிட எவ்வளவு எழும்புகிறது என்று டயல் கேஜில் பார்த்து, அதற்கேற்ற கனமுள்ள ஹெட் கேஸ்கெட்டைப் போடுங்கள். பல கேஸ்கெட்டுகளின் ஓரத்தில் இருக்கும் வெட்டுகளோ ஓட்டைகளோ அந்தக் கனத்துக்கான குறிதான்.

புது செட் போட்டும் புகை நிற்கவில்லை

முதல் சில நூறு கிலோமீட்டர் லேசான புகை இருக்கும். குறைந்துகொண்டே வந்தால் ரிங் பதிகிறது. குறையாவிட்டால், என்ஜினை முதல் நாள் எப்படி ஓட்டினார்கள் என்று கேளுங்கள். நாள் முழுக்க ஐடிலில் ஓட விடும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. பாரமில்லாமல் ஓடினால் ரிங் சுவரில் அழுந்தாது, போர் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போகும். அப்புறம் மறுபடி பிரித்து ஹோனிங் போடுவதைத் தவிர வழியில்லை. சரியான முறை இது: டீசலை நிறுத்திச் செல்ஃபில் சுற்றி ஆயில் பிரஷர் வரவழையுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கசிவு பார்த்துவிட்டு, பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரி வரை பாதி லோடில், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முழு லோடு வேண்டாம், ஒரே வேகமும் வேண்டாம்.

500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அன்றைக்கே ஏர் ஹோஸைக் கழற்றி, வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்துப் பாருங்கள். திசையன்விளை வண்டி மூன்றாவது செட்டோடு போய் 500 கிலோமீட்டரில் வந்தபோது, துணி வெள்ளையாக வந்ததை ஓட்டுநரிடமே காட்டினேன். மடித்து டேஷ்போர்டில் வைத்துக்கொண்டார்.